வீட்டுக்குள் நுழையாத சட்டம்

என் அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து நின்றது 1983-ல். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுக்கு வயது பத்து, எனக்கு நான்கு. அதுவரை கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள்தான். ஒருநாள் மஞ்சள் பையோடு சாத்தூர்ப் பக்கம் இருந்த சித்தி வீட்டுக்குப் பஸ் ஏறினாள். "சித்திக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கா" என்று அம்மா ஊரில் சொன்னாள்.

சித்தி வீட்டில் ஒத்தாசை என்பது தீப்பெட்டி ஒட்டுவது. ஆலையிலிருந்து மூட்டையாக வரும் அட்டைகளை மடித்து, பசை தடவி, உள்பெட்டியும் மேல்பெட்டியுமாக ஆக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144. கூலி சித்தி கைக்கு வரும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கு வரும். என் நோட்டுப் புத்தகங்கள் அந்தக் காசில் வாங்கியவை என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வரலாறு படிக்கத் தொடங்கியபின் அக்காவிடம் கேட்டேன்: "சின்ன வயசுல நீ வேலைக்குப் போனியாக்கா?"

"நான் எங்கடி வேலைக்குப் போனேன்? சித்தி வீட்ல சும்மா உக்காந்து பெட்டி ஒட்டுனேன்."

அந்தச் 'சும்மா'வைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி, அருப்புக்கோட்டை-திருச்சுழி வறண்ட சீமையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து கண்மாய் நிறைந்தால் விவசாயம். இல்லாவிட்டால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள், அல்லது ஊரைவிட்டுப் போவார்கள். இதே வறட்சிதான் மேற்கே சிவகாசிக்கு மூலதனமானது. ஈரமில்லாத காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோது. பயிரை நம்ப முடியாத குடும்பங்கள் கிடைத்த கூலிக்கு ஆள் அனுப்பின.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதையைச் சிவகாசியில் யாரும் சொல்வார்கள். சிவகாசி 'குட்டி ஜப்பான்' ஆன கதையும் அப்படியே. இந்தத் தொழில் பெரிய இயந்திர ஆலைகளோடு போட்டியிட்டு நின்றது கைகளின் பலத்தில். கைவேலைத் தீப்பெட்டிக்கு அரசு கலால் வரிச் சலுகையும் கொடுத்தது. ஆனால் அவை யாருடைய கைகள்? 1980-களில் அந்த வட்டாரத்துக்கு வந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியது ஒன்றுதான்: ஆலைகளில் இருந்த குழந்தைகளில் பெரும்பான்மை சிறுமிகள். விடியுமுன் கிராமம் கிராமமாக ஆலைப் பேருந்து வரும். ஏஜென்ட் முன்பணம் கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பார். இருட்டிய பிறகு வீடு திரும்புவார்கள். பையனைப் பள்ளிக்கு அனுப்பிய அதே வீடு மகளைப் பேருந்தில் ஏற்றியது. 'குழந்தைத் தொழிலாளர்' என்ற பொதுச்சொல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

1976-ல் ஆலைப் பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகிக் குழந்தைகள் பலர் இறந்த பிறகுதான் அரசு விசாரணைக் குழு அமைத்தது. பத்தாண்டு கழித்து, 1986-ல், குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசு தயாரிப்பில் 14 வயது நிரம்பாதவர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தாரின் உதவியோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்கு இந்தத் தடை பொருந்தாது என்றும் அதே பிரிவு சொன்னது. ஆலைக் கதவைத் தட்டிய சட்டம் வீட்டு வாசலோடு நின்றுகொண்டது. ஆய்வுக்குப் பயந்த வேலை மூட்டை கட்டி வீடுகளுக்குள் போனது.

எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-ல் ஒரு தீர்ப்பும் 1996-ல் ஒரு தீர்ப்பும் சொன்னது. முதல் தீர்ப்பு, தயாரிப்பில் குழந்தைகள் கூடாது, பெட்டியில் அடைக்கும் வேலையில் இருக்கலாம், பெரியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்றது. இரண்டாவது தீர்ப்பு, சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சித்தி வீட்டில் முதலாளி யார்? சித்தியா? அவளும் குரோஸ் கணக்கில் கூலி வாங்கியவள்தானே?

2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது. ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம். அங்கே 'குடும்பம்' என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்தை வாசித்தபோது எனக்குத் திக்கென்றது. தாய், தந்தை, உடன்பிறந்தோரோடு தாயின் உடன்பிறந்தாளும் அதில் இருந்தாள். என் சித்தி சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டாள்.

இதற்கு இணையாக இன்னொரு வரலாறும் இருக்கிறது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று புரிந்துகொண்டவர் காமராஜர். 1956-ல் மதிய உணவைத் தமிழகமெங்கும் கொண்டுவந்தார். 1977-ல் அருப்புக்கோட்டையில் வென்று முதல்வரான எம்.ஜி.ஆர், 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் வேலை கிடைத்தது. ஆனால் தொடக்கத்தில் அது தொடக்கப்பள்ளி வயதோடு நின்றது. 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு விரிந்தது 1984-ல். அந்த இடைவெளியில்தான் அக்கா பஸ் ஏறினாள். சோறு இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டாள் என்று சொல்ல மாட்டேன். தம்பியைத் தூக்க ஆள் வேண்டும், மழை வேறு இல்லை. ஆனாலும் அந்த ஓராண்டு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு முடித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். 1991-ல் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தபோது அவள் படிப்பு ஐந்தோடு நின்றிருந்ததால் விண்ணப்பிக்க முடியவில்லை. அதே திட்டம் 2022-ல் புதுமைப்பெண் ஆனது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், கல்யாணத்தோடு முடிச்சுப் போடாமல். அக்கா இடுப்பில் சுமந்த தம்பியின் மகள் இன்று அந்தப் பணத்தில் கல்லூரிக்குப் போகிறாள். ஒரு குடும்பத்துக்குள் இந்த மாற்றம் சிறிதல்ல. ஆனால் லீவுக்கு வந்தால் அவள்தான் பாத்திரம் துலக்குகிறாள். அவள் தம்பி செல்போனோடு திண்ணையில் இருக்கிறான். இந்த வேலையை எந்தச் சட்டமும் வேலை என்று சொல்வதில்லை.

மாணவிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அம்மா, அத்தை, பாட்டி ஆகியோரின் பத்து வயதை எழுதி வையுங்கள். "வேலைக்குப் போனாயா?" என்று கேட்காதீர்கள், 'இல்லை' என்றுதான் பதில் வரும். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்தாய் என்று கேளுங்கள். எத்தனை குடம், எவ்வளவு தூரம், கூலி யார் கைக்குப் போனது, அந்தக் காசில் யார் படித்தார்கள் என்று கேளுங்கள். நமக்கு ஆவணக் காப்பகம் இவர்கள் பேச்சுதான்.

அக்காவிடம் நான் அப்படித்தான் இரண்டாம் முறை கேட்டேன். சேவல் கூப்பிடுமுன் எழுந்து தண்ணீர் எடுப்பது, வாசல் தெளிப்பது, சித்தியின் கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது, அதை மடியில் போட்டுக்கொண்டே பெட்டி ஒட்டுவது, கஞ்சி குடித்துவிட்டு மறுபடி ஒட்டுவது, விளக்கு வைத்தபின் நூறு நூறாக எண்ணி அடுக்குவது. சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, தன் விரல்களைப் பார்த்தாள்.

"ஏண்டி, அப்ப நான் வேலைதான் பாத்திருக்கேன்" என்றாள்.