தருமபுரியின் வயலுக்கடியில் ஒரு சட்டம்

தருமபுரி மாவட்டத்தின் அடித்தளம் பழம்பாறை. காவிரிப் படுகையின் வண்டல் அடுக்குகளைப் போல எண்ணெயும் எரிவாயுவும் தேங்கும் நிலமல்ல. ஆகவே அந்தப் படுகையின் நரிமணத்தில் எழுந்தது போன்ற துரப்பணக் கோபுரங்கள் இங்கே எழவில்லை. இருந்தும், எரிவாயு அரசியல் இம்மாவட்டத்துக்கும் வந்தது, குழாய் வழியாக. கொச்சியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் விளைநிலம் வழியே திட்டமிடப்பட்டது. நெடுஞ்சாலையோரம் பதியுங்கள் என்று 2013இல் தமிழக அரசு சொன்னது. உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

விளைநிலத்தில் குழாய் பதிக்கும் இந்தப் பிழையின் வேர் 1962ஆம் ஆண்டின் குழாய்ச் சட்டத்தில் இருக்கிறது என்பேன். அது நிலத்தை வாங்குவதில்லை, பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதற்குச் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடு தருகிறது. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் செல்லும் நிலப்பட்டையில் அவர் கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. கிணற்றையும் தென்னையையும் நம்பிய மேட்டு நிலத்தில் இது பத்தில் ஒரு பங்கு இழப்பா?

நிலக்கரியை எரிப்பதைவிட எரிவாயுவை எரித்தால் கரியமிலவாயு ஏறக்குறையப் பாதிதான் என்பார்கள். மீத்தேன் கசிவைக் கட்டுப்படுத்தினால் அந்த வாதம் வலுவானதே. ஆனால் நகரமும் ஆலையும் பெறும் அந்த நன்மைக்கான விலையைச் சிறு விவசாயி தலையில் கட்ட அது நியாயமாகாது. 2020இல் காவிரி டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கிடைத்தது. தருமபுரி அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.