வடவைத் தீயும் கடலடித் தீயும்

கடலுக்கடியில் நெருப்பு எரிகிறது என்றனர் புராணீகர். பெண்குதிரை முகங்கொண்ட நெருப்பாம்; வடவை என்று பெயராம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நீரையெல்லாம் அது குடித்துவிடுவதால்தான் கடல் கரை தாண்டுவதில்லையாம்! கோடையில் கிணறு வற்றிக் குடத்துடன் அலையும் நம் வெள்ளகோவில் வட்டாரத்து மக்களும் கதை கேட்டுத் தலையாட்டினர். குட்டைநீர் வெயிலில் ஆவியாகக் கண்டவர்கள், கடல்நீரும் அப்படித்தானே போகும் என்று எண்ணவில்லை. குதிரையே போதும் என்றிருந்துவிட்டனர்.

வியப்பு என்னவெனில், கடலடியில் நெருப்பு உண்டு. குதிரைதான் இல்லை!

1928 முதல் 1930 வரை டானா என்ற கப்பலில் உலகைச் சுற்றியது, டென்மார்க்கின் யோகன்னஸ் ஷ்மிட் தலைமையிலான குழு. ஒலியை அனுப்பி எதிரொலியை அளந்து, இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கடலடியில் நீண்ட மலைத்தொடர் கிடப்பதைக் கண்டது. பொருளுதவி தந்தது கார்ல்ஸ்பெர்க் அறநிலையம். அப்பெயரே மலைக்கும் நிலைத்தது. அறநிலையத்தின் செல்வம் பீர் ஆலையில் விளைந்தது. மதுவுக்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் அங்கே ஆலைப் பணம் கடலை அளக்கப் போயிற்று. இங்கே செல்வர் பலரின் பணம் கோபுரக் கலசத்துக்குப் பொன்பூசப் போயிற்று என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

1962இல் ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பல் இம்மலைமேல் காந்த அளவெடுத்தது. மறு ஆண்டே வைன், மாத்யூஸ் எனும் இருவர் அதற்கு விளக்கம் தந்தனர். மலையின் நடுப்பிளவில் பாறைக்குழம்பு மேலெழுந்து இறுகுகிறது. இறுகும்போது அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. புவிக்காந்தமோ பன்முறை திசை மாறியது. ஆகவே பிளவின் இருபுறமும் கோடுகோடாக அம்மாற்றம் பதிந்து கிடக்கிறது. கடல்தரை புதிதாகப் பிறந்து இருபுறமும் விலகுகிறது என்பதே பொருள். வேகம்? ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர். நகம் வளரும் அளவு!

பிளவுகளில் இறங்கும் கடல்நீர், அடியிலுள்ள வெப்பத்தால் 350 பாகைக்கும் மேல் சூடேறி, இரும்பும் செம்பும் துத்தநாகமும் கரைத்துக்கொண்டு பீறிடும். மேலுள்ள நீரின் அழுத்தத்தால் அது கொதிப்பதில்லை. குளிர்நீரைத் தொட்டதும் தாதுக்கள் கரும்புகையாய்ப் பிரிந்து, புகைபோக்கி போல் படிந்து நிற்கும். 1977இல் கலாபகஸ் அருகே மனிதர் இத்தகைய வெந்நீர் ஊற்றுகளை முதலில் கண்டனர். சூரிய ஒளியே எட்டாத அவ்விருளில், கந்தகச் சேர்மத்தை உண்டு வாழும் நுண்ணுயிர்கள். அவற்றை நம்பிப் பெருங்கூட்டமாய் உயிர்கள்! நம் பெருங்கடலில் 2000இல் ஜப்பானியர் கண்டனர். 2024இல் கோவா, சென்னை ஆய்வு நிறுவனத்தார் தெற்கு இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்து ஊற்றொன்றைப் படமெடுத்தனர்.

இதை வகுப்பில் சொல்லி முடித்ததும் மாணவன் ஒருவன் எழுந்தான். "அப்படீன்னா குமரிக்கண்டம் பொய்யுங்களா சார்?"

நாம் திகைத்தோம். கல்லூரி மேடையில் அக்கண்டத்தைப் பற்றி முழங்கியவர்தாமே நாமும்! குதிரைக்குச் சான்று கேட்ட வாய், கண்டத்துக்குக் கேட்காமல் விடலாமா? உள்ளதைச் சொன்னோம். இலெமூரியா என்பது 1864இல் ஸ்கிளேட்டர் எனும் ஆங்கிலேயர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதற்குக் காரணம் தேடிச் சூட்டிய பெயர். தமிழறிஞர் பின்னர் அதைக் குமரிக்கண்டத்தோடு இணைத்தனர். கண்டங்களே நகர்கின்றன என்று தெளிந்தபின் மூழ்கிய கண்டம் தேவையற்றுப் போயிற்று.

அவன் உட்காரவில்லை. "நம்ம புலவருங்க சொன்ன கடல்கோள்?"

பனியூழி முடிந்து உலகெங்கும் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. தமிழகத்தையும் இலங்கையையும் இணைத்திருந்த நிலம் நீருள் போயிற்று. கரை மூழ்கியது மெய், கண்டம் மூழ்கியதற்குச் சான்றில்லை என்றோம். அவன் முகம் வாடியது. ஆயினும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.