விரிஞ்சிபுரம் திருமணக் கல்வெட்டும் உபுண்டு மெய்யியலும்

வேலூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரம், வழித்துணைநாதர் எனப்படும் மார்க்கபந்தீசுவரர் கோயிலால் அறியப்படும் ஊராகும். இக்கோயிலின் முன்கோபுர உட்புறத்தில் ஒரு திருமண ஒப்பந்தம் பொறிக்கப்பட்டுள்ளது. ஒருவரின் நடத்தைக்குச் சமூகம் முழுவதும் பொறுப்பு என்ற கருத்தை அதில் காணலாம். ஆப்பிரிக்காவின் உபுண்டு மெய்யியலும் அதற்கு நெருக்கமான கருத்தையே கூறுகிறது.

கல்வெட்டுச் செய்தி

விசயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், சகம் 1347இல் (கி.பி. 1425-26) இக்கல்வெட்டு வெட்டப்பட்டது. படைவீட்டு இராச்சியத்தில் வாழ்ந்த கன்னட, தமிழ், தெலுங்கு, இலாடப் பிராமணர்கள் ஒன்றுகூடி, இனித் திருமணங்களைக் கன்னிகாதானமாகவே நடத்துவது என்று முடிவு செய்து கையொப்பமிட்டனர். பெண்ணுக்காகப் பொன் வாங்கும் தந்தை, பொன் கொடுத்து மணப்பவர் ஆகிய இருவரும் அரச தண்டனைக்கு உரியவர்கள். பிராமண சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவர். 1890இல் ஊல்சு பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இது வெளிவந்தது.

உபுண்டு

உபுண்டு என்பது சூலு, சோசா முதலிய மொழிகளில் மனிதத்தன்மையைக் குறிக்கும் சொல். ஒருவர் பிற மனிதர்களால்தான் மனிதராகிறார் என்பது இதன் சாரம். தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு இடைக்கால அரசியலமைப்பில் இச்சொல் இடம்பெற்றது. 1995இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கியபோது, நீதிபதிகள் சிலர் உபுண்டுவை எடுத்துக்காட்டினர். குற்றம் செய்தவரும் மனித சமூகத்தின் உறுப்பினரே என்பது அதன் அடிப்படை.

ஒப்புமையும் வேற்றுமையும்

நான்கு மொழியினர் ஒரே விதிக்கு உடன்பட்டதும், கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் பொறுப்பாக்கியதும் விரிஞ்சிபுரம் ஒப்பந்தத்தின் சிறப்பு. தனி ஒரு குடும்பம் மட்டும் இவ்வழக்கத்தை நிறுத்திவிட முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆனால் அந்த ஒற்றுமை ஒரு வருணத்தின் எல்லைக்குள் நின்றது. மணப்பெண்ணின் விருப்பம் பற்றி அதில் பேச்சில்லை. விதியை மீறியவரை அது வெளியே தள்ளியது. உபுண்டுவோ தவறியவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ள முயல்கிறது.

மணப்பொருள் பற்றிய பார்வையும் வேறுபடுகிறது. தென்னாப்பிரிக்காவில் மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்கு மாடுகளோ பணமோ தரும் லோபோலா வழக்கம், இரு குடும்பங்களைப் பிணைக்கும் உறவாகக் கருதப்படுகிறது. விரிஞ்சிபுரத்திலோ அத்தகைய கொடுக்கல் வாங்கலே தடை செய்யப்பட்டது.

பிற்காலத்தில் தமிழகத்தில் பொன் எதிர்த்திசையில், பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு, வரதட்சணையாகச் செல்லத் தொடங்கியது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமும் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் குற்றவாளியாக்குகிறது. எனினும் வரதட்சணை ஒழியவில்லை. விரிஞ்சிபுரத்தில் விதிக்கு உட்பட வேண்டியவர்களே கூடிக் கையொப்பமிட்டனர். அத்தகைய உடன்பாட்டைச் சாதி எல்லையின்றி, பெண்களையும் சேர்த்து உருவாக்குவதே இக்கல்வெட்டு இன்றைக்கு விட்டுச்சென்றுள்ள பணியாகும்.