பனிமலை ஏறிய சின்னஞ்சிறு கார்



மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரி சிக்கிக்கொள்ளும் காட்சியை நம்மில் பார்க்காதவர் யார்? ஓட்டுநர் எண்ணெய் விசையை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரங்கள் சுழன்று சேற்றை வாரி இறைக்குமே தவிர, லாரி ஓர் அடிகூட நகராது. அப்போது என்ன செய்வோம்? சக்கரத்தின் அடியில் பலகையும் கல்லும் இடுவோம். நாலு பேரைப் பின்பக்கம் ஏறி நிற்கச் சொல்வோம். பளு ஏறியதும் சக்கரம் மண்ணைப் பற்றிக்கொள்ளும். லாரி உறுமிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சுழல்கின்ற சக்கரத்தின்மேல் பளு இருந்தால்தான் அதற்குப் பிடிப்பு உண்டாகும். இதை எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே நம் பெற்றோர் அறிந்திருந்தார்கள். இதே உண்மையின் துணையால் ஒரு சின்னஞ்சிறு கார், ஐரோப்பாவின் பனிமலைகளில் தன்னைவிடப் பெரிய கார்களை வென்றது. அந்த வரலாற்றையே இன்று நாம் காணப்போகிறோம்.

முதலில் பனியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஐஸ் கச்சாங் கடையில் துருவிக் குவிக்கும் ஐஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் அதைப்போன்ற வெண்பனி வானத்திலிருந்து விழுந்து சாலையை மூடிவிடுகிறது. அதன்மேல் வண்டிகள் ஓட ஓட அது இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். அந்தச் சாலையில் நடப்பதே கடினமென்றால், வளைவு நெளிவான மலைப்பாதையில் கார் ஓட்டுவது எத்தகைய செயல் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அந்நாளில் பெரும்பாலான கார்களில் என்ஜின் முன்னால் இருக்கும். ஆனால் அதன் விசை நீண்ட தண்டு ஒன்றின் வழியாகப் பின்சக்கரங்களுக்குச் செல்லும். என்ஜினின் பளு ஓரிடம், உழைக்கும் சக்கரம் வேறிடம். பனியில் அந்தப் பின்சக்கரங்கள், சேற்றில் சிக்கிய நம் லாரியைப்போல, வீணே சுழலும். முன்சக்கரங்களே இழுக்கும் காரிலோ, என்ஜினின் பளு முழுவதும் உழைக்கின்ற சக்கரங்களின்மேலேயே அழுந்துகிறது. வழுக்கும் தரையில் தள்ளுவண்டியைப் பின்னாலிருந்து தள்ளினால் அது பக்கவாட்டில் ஓடப் பார்க்கும். முன்னால் நின்று இழுத்தால் நாம் திரும்பிய பக்கம் நம்மைத் தொடர்ந்து வரும். அதுபோலத்தான் இதுவும்.

இத்தகைய காருக்குப் புகழ் தேடித்தந்த அறிஞர் அலெக் இசிகோனிஸ். இவர் 1906ஆம் ஆண்டு, இன்று துருக்கியில் இஸ்மிர் என்று வழங்கும் சுமிர்னா நகரில் பிறந்தார். 1922இல் போரின்போது, அவருடைய குடும்பம் வீடு வாசலை விட்டுக் கப்பலேறி மால்டா தீவுக்குத் தப்பிச் சென்றது. அப்போது அவருக்கு வயது 15. தந்தையார் மால்டாவிலேயே இறந்துபோனார். தாயும் மகனும் 1923இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். லண்டனில் பொறியியல் படித்த அவர், கணிதத் தேர்வில் மூன்று முறை தோல்வியுற்றார். ஆனால் எண்ணியதைப் படமாக வரைந்து காட்டும் கை அவரிடம் இருந்தது. 1948இல் வெளிவந்து, மலாயாவின் சாலைகளிலும் பல்லாண்டுகள் ஓடிய மோரிஸ் மைனர் கார் அவர் உருவாக்கியதே.

1956ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய்ச் சிக்கல் எழுந்தது. எண்ணெய்க் கப்பல்கள் வரும் வழி அடைபட்டதால், பிரிட்டனில் அவ்வாண்டு டிசம்பரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. எண்ணெய் குறைவாகக் குடிக்கும் கார் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்தின் தலைவர் லியனார்டு லார்டு, 1957இல் அந்தப் பொறுப்பை இசிகோனிஸிடம் ஒப்படைத்தார்.

இசிகோனிஸ் என்ன செய்தார்? பத்தடி நீளத்துக்குள் நான்கு பேர் வசதியாக அமரவேண்டும். ஆகவே என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை அதன் அடியிலேயே அமைத்தார். பின்சக்கரம்வரை போகும் நீண்ட தண்டை நீக்கிவிட்டு, முன்சக்கரங்களே காரை இழுக்கும்படி செய்தார். சக்கரங்களின் குறுக்களவோ பத்தே அங்குலம். முன்சக்கரங்களால் இழுக்கும் கார்கள் அதற்கு முன்பும் உண்டு. பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 1934இலேயே அத்தகைய காரை வெளியிட்டிருந்தது. ஆனால் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு பேரை அமர்த்திக் காட்டியது இசிகோனிஸின் திறமை. 1959 ஆகஸ்ட் 26ஆம் நாள் மக்கள் முன் வந்த அந்தக் கார்தான் மினி. அதன் எடை ஏறத்தாழ 600 கிலோ.

நேயர்களே, இங்கே நமக்கு உறவான செய்தி ஒன்று இருக்கிறது. மற்றக் கார்களில் குலுக்கலைத் தாங்க இரும்பு ஸ்பிரிங் இருக்கும். மினியிலோ, அலெக்ஸ் மோல்டன் என்னும் பொறியாளர் அமைத்த ரப்பர்க் கூம்புகள் அந்த வேலையைச் செய்தன. இரும்பு ஸ்பிரிங்குக்கு வேண்டிய இடம் இதனால் மிச்சமாயிற்று. நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிகளும் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய காலம் அது. உலகுக்கு ரப்பர் அளித்த முன்னணி நாடுகளுள் ஒன்றாக மலாயா விளங்கிய காலம். எந்தத் தோட்டத்துப் பால் எந்தக் காருக்குப் போயிற்று என்று எவராலும் சொல்லமுடியாது. ஆனால் நாம் கித்தா என்று சொல்லும் அந்தப் பொருள், டயர் உட்பட, கார்களுக்கு மிகவும் வேண்டியதாக இருந்தது என்பது மட்டும் உறுதி.

இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகவே இசிகோனிஸ் இப்படிச் செய்தார். பனியில் போட்டி போடுவதற்காக அன்று. ஆயினும், சிக்கனத்துக்காகச் செய்த அமைப்பு பனிமலையில் பெரும் பலமாக விளங்கியது.

அதை உலகுக்குக் காட்டியது மாண்டி கார்லோ ராலி என்னும் போட்டி. 1911இல் தொடங்கிய இப்போட்டி, குளிர் மிகுந்த ஜனவரி மாதத்தில் நடப்பது. அந்நாளில் ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து கார்கள் புறப்பட்டு, இரவு பகலாக ஓடி, மொனாக்கோ நாட்டை அடையவேண்டும். அதற்குமேல், ஆல்ப்ஸ் மலையின் கணவாய்களில் நேரக் கணக்குப் பந்தயமும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்ற துரினி கணவாய் 1,607 மீட்டர் உயரம். நம் கேமரன் மலையின் தானா ராத்தாவைவிடச் சற்று உயரம் என்று கொள்ளலாம். வளைவுக்கு வளைவு கொண்டை ஊசி; ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

மினிக்கு முன்னரே வழிகாட்டியது சுவீடன் நாட்டின் சாப் கார். அதுவும் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் சிறிய கார். எரிக் கார்ல்சன் என்னும் வீரர் அதை ஓட்டி 1962இலும் 1963இலும் மாண்டி கார்லோவில் வென்றார்.

1964இல் வட அயர்லாந்தைச் சேர்ந்த பாடி ஹாப்கர்க், ஹென்றி லிட்டனைத் துணைக்கு அமர்த்திக்கொண்டு, மினி கூப்பர் எஸ் காரில் சோவியத் நாட்டின் மின்ஸ்க் நகரிலிருந்து புறப்பட்டார். அவருடைய என்ஜின் 1,071 சி.சி. எதிரே வந்தது 4.7 லிட்டர் என்ஜின் கொண்ட அமெரிக்க ஃபோர்டு ஃபால்கன். நான்கு மடங்குக்கும் மேல் பெரிய என்ஜின்! உண்மையைச் சொல்லவேண்டும். மலைப் பந்தயங்களில் ஃபால்கனே அதிவேகமாக ஓடியது. ஆனால் என்ஜினின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சிறிய கார்களுக்குச் சலுகை தரும் விதி அன்று இருந்தது. பெரிய காரைவிட மிகவும் பின்தங்காமல் ஒட்டிக்கொண்டே ஓடியதால் மினி வென்றது.

அடுத்த ஆண்டு எவரும் குறைசொல்ல முடியாத வெற்றி கிட்டியது. 1965இல் கடும் பனிப்புயல் வீசியது. புறப்பட்ட 237 கார்களில் குறித்த காலத்துக்குள் மாண்டி கார்லோ வந்து சேர்ந்தவை 35 மட்டுமே. ஃபின்லாந்து வீரர் திமோ மாக்கினென், பால் ஈஸ்டர் துணையுடன், வழியில் ஒரு தண்டப் புள்ளிகூடப் பெறாமல் மினியை ஓட்டி வந்தார். அவ்வாறு வந்த ஒரே கார் அதுதான். கடைசி இரவின் ஆறு பந்தயங்களில் ஐந்தில் அவரே முதல்வர்.

கார் மட்டுமா இந்த வெற்றியைத் தந்தது? இல்லை. கார் இலேசாக இருப்பதால் பனியில் உடனே நின்றுவிடும் என்று எண்ணக்கூடாது. பளு குறைந்தால் பிடிப்பும் குறையும்; ஆகவே பிரேக் பிடிக்கையில் எல்லாக் காரும் வழுக்கும் காரே. வளைவில் வேகம் மிகுந்தால், முன்சக்கரங்களால் இழுக்கும் கார் திரும்பாமல் நேரே பள்ளத்தை நோக்கிப் போகப் பார்க்கும். செங்குத்தான ஏற்றத்தில் பளு பின்னுக்குச் சாய்ந்து முன்சக்கரம் பிடி தளரும். பனி மிக ஆழமானால் தாழ்ந்த காரின் வயிறு தட்டி நின்றுவிடும்.

இக்குறைகளை வீரர்கள் பயிற்சியால் வென்றார்கள். வலக்கால் எண்ணெய் விசையில் இருக்கும்போதே இடக்காலால் பிரேக்கைத் தொட்டு, காரின் பின்பக்கத்தை அளவாக வழுக்கவிட்டு வளைவில் திருப்பினார்கள். ஆணி பதித்த டயர்களைப் பூட்டினார்கள். ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். துணைவர் அதை உரக்கப் படிக்க, ஓட்டுநர் அதன்படி ஓட்டினார். பாடத்தை முன்னதாகவே படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகும் மாணவனுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?

1966இல் சோதனை வந்தது. மாக்கினென், ஆல்டனென், ஹாப்கர்க் ஆகியோர் ஓட்டிய மினிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. ஆனால் முகப்பு விளக்குகளின் ஒளியைத் தாழ்த்தும் முறை விதிக்கு ஒத்ததன்று என்று கூறி, நடுவர்கள் மூன்றையும் தள்ளிவிட்டார்கள். நான்காவதாக வந்த காரும் தள்ளப்பட்டது. பரிசு ஒரு சித்ரோயன் காருக்குப் போயிற்று. இத்தீர்ப்பு சரியா தவறா என்று பல்லாண்டுகள் வாதாடினார்கள்.

மினி வீரர்கள் மனமொடிந்து ஒதுங்கிவிடவில்லை. 1967இல் மீண்டும் வந்தார்கள். ரவுனோ ஆல்டனென், ஹென்றி லிட்டன் இருவரும் 13 வினாடி வேறுபாட்டில் வென்றார்கள். இரண்டாவதாக வந்த இத்தாலியின் லான்சியாவும் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரே. 2000ஆம் ஆண்டு அந்தப் பழைய மினியின் உற்பத்தி நின்றபோது, 53 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன. இன்று உலகெங்கும் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை, குறுக்கே வைத்த என்ஜினும் இழுக்கும் முன்சக்கரங்களும் உடையவையே.

பெற்றோர்களே, ஒரு சொல். கணிதத்தில் மூன்று முறை தோற்ற அகதிப் பிள்ளையின் கையிலிருந்துதான் இந்தக் கார் பிறந்தது. கணிதம் வேண்டாம் என்று நாம் சொல்லவரவில்லை. அவர் மூன்று முறை எழுதினார் என்பதையும் பிள்ளைகள் நினைவில் வைக்கவேண்டும். ஆனால் ஒரு பாடத்தில் பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து, "இவன் எதற்கும் உதவான்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆசிரியர்களாகிய நாமே அந்தத் தவற்றைச் செய்திருக்கிறோம். அப்பிள்ளையின் பலம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தோமா? பளு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் சிறிய சக்கரமும் பிடித்துக்கொள்ளும்.

இனி மழைநாளில் லாரி சிக்கும்போது, பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடும் உங்கள் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நாலு பேர் ஏறியதும் சக்கரம் ஏன் பிடிக்கிறது என்று கேளுங்கள். அவன் சொல்லும் விடையைப் பொறுமையோடு கேளுங்கள்.