பரமபதவாசலும் விடுமுறைப் பட்டியலும்

வைகுண்ட ஏகாதசி வைகறையில் திருவரங்கத்துப் பரமபதவாசல் திறக்கும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்து அலுவலக வாசல்கள் மூடும். கோயிற் பணியாளர்க்கு அன்று ஓய்வேது! ஆட்சியர் அறிவிக்கும் அந்த உள்ளூர் விடுமுறை கடனாகப் பெற்ற நாளே. பின்னர் ஒரு சனிக்கிழமை உழைத்து அதனை அடைத்தல் வேண்டும். 1881-ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின்பாற் பட்ட விடுமுறை அன்றாதலின், கருவூலத்தில் சிலர் இருந்தே தீர வேண்டும்.

ஆலைத் தொழிலாளியின் நிலை வேறு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு அளித்தது. ஆயினும் பதினைந்து நாள் முன்னரே விண்ணப்பித்தல் வேண்டியிருந்தது. அனைவரும் ஒரே நாளைக் கேட்டால் ஆலை ஓடுவது எங்ஙனம்?

இச்சிக்கலுக்குச் சென்னை மாநிலம் 1958-இல் தனிச்சட்டம் கண்டது. தேசிய நாள்கள் நீங்கலாக ஐந்து விழா நாள்கள். அவை எவை என்பதை, முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து ஆய்வாளர் குறிப்பார். அன்று வேலைக்கு அழைக்கப்பட்டவர்க்கு இரட்டைக் கூலி, அல்லது கூலியும் மாற்று விடுமுறையும்.

ஐந்து என்பது போதுமா? மலைக்கோட்டைக்கு அண்மையிலேயே லூர்து அன்னை ஆலயமும் நத்தர்வலி தர்காவும் உள்ள ஊர் இது. சட்டமோ சனவரி முதல் திசம்பர் வரை எண்ணுகிறது. ஏகாதசி திங்களைப் பார்த்து வருகிறது. 2023-இல் சனவரி 2, திசம்பர் 23 என இருமுறை வந்தது. 2024-இல் வரவே இல்லை. 2025-இல் மீண்டும் இருமுறை. அவ்வாண்டுகளில் அரங்கனுக்கு இரண்டு நாள் கொடுத்தால், பொங்கல், தீபாவளி, கிறித்துமசு, ரம்சான், பக்ரீத் ஆகியவற்றுக்கு எஞ்சுவன மூன்றே.