மலையிலிருந்து மாதாவின் மேலங்கிக்கு

ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில், கோக்சா ஆற்றோரம் இருக்கிறது சர்-இ-சங் சுரங்கம். அங்கே முற்காலத்தில் பாறையைத் தீ மூட்டிக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரை ஊற்றுவார்கள். விரிசல் விட்ட இடத்தில் லாபிஸ் லசூலி தெரியும்: கருநீலத்தின் ஊடே வெள்ளைக் கால்சைட் நரம்பு, ஆங்காங்கே பொன்போல் மினுக்கும் பைரைட். அந்தக் கல் வணிகப் பாதைகளில் கைமாறிக் கைமாறி, கப்பலேறி வெனிஸுக்கு வந்தது.

வந்தது கல்தான், வண்ணம் அல்ல. வெறுமனே இடித்தால் கால்சைட்டும் சேர்ந்து பொடியாகி, வெளிறிய சாம்பல் நிறம்தான் மிஞ்சும். 1400 வாக்கில் ஓவியக் கையேடு எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி இதற்குப் பக்குவம் சொல்கிறார். பொடியை பைன் பிசின், மாஸ்டிக் என்னும் மரப்பிசின், தேன்மெழுகு மூன்றும் உருக்கிய கலவையில் சேர்த்து, குறைந்தது மூன்று நாள் விட்டுவிட்டுப் பிசைய வேண்டும். பிறகு அந்த உருண்டையை வெதுவெதுப்பான காரநீரில் போட்டு, இரண்டு குச்சிகளால் அழுத்திப் புரட்ட வேண்டும். அழுக்கெல்லாம் பிசினோடு ஒட்டிக்கொள்ள, நீலம் மட்டும் நீரில் இறங்கும். முதல் நீரில் வருவதே உயர்ந்த சரக்கு. போகப் போக வெளிறி, கடைசியில் சாம்பல்தான். இந்த வேலைக்கு ஆண்களைவிட இளம்பெண்களின் கைதான் வாகு என்கிறார் அவர். அந்தப் பெண்களில் ஒருவர் பெயரையாவது எழுதி வைத்திருக்கலாம்.

இவ்வளவு பாடுபட்ட நீலத்தை யாருக்கு உடுத்துவது? விண்ணக அரசியான மரியாளுக்கு. வானத்தின் நிறம் என்பது ஒரு காரணம். விலை இன்னொரு காரணம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்தக் காலத்து மனிதர் யாரும் முயலவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஃப்ளோரன்ஸின் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காக 1485-இல் ஓவியர் கிர்லாண்டாயோ போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஞானியர் மூவர் குழந்தை இயேசுவை வணங்கும் பலகை ஓவியம். கூலி 115 ஃப்ளோரின். வண்ணச் செலவு ஓவியருடையது. நீலம் மட்டும் அவுன்ஸுக்குச் சுமார் 4 ஃப்ளோரின் தரத்தில் இருக்க வேண்டும் என்று தனியே எழுதிவிட்டார்கள். மலிவான செப்புத்தாது நீலமான அசுரைட்டைப் பூசிக் கைகழுவிவிடக் கூடாது அல்லவா!

சியன்னா ஓவியர் சஸ்ஸெட்டா அதே நீலத்தை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனார். 1437-க்கும் 1444-க்கும் இடையில் அவர் வரைந்த பீடப் பலகைகளில் ஒன்று இன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில், பின்னாளில் புனிதரான அசிசியின் இளம் பிரான்சிஸ், நொடித்துப்போன வீரன் ஒருவனுக்குத் தன் அங்கியைக் கழற்றித் தருகிறார். அந்த அங்கிக்குத்தான் சஸ்ஸெட்டா பதக்‌ஷான் நீலத்தைப் பூசியிருக்கிறார்.