மணி அடித்தால் சோறு

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918-இல் சங்கம் கட்டத் திரண்டபோது, கூலிக் குறைவோடும் மேலதிகாரிகளின் வசவோடும் இன்னொரு குறையையும் சேர்த்துச் சொன்னார்கள். மதியம் சாப்பிட விடும் நேரம் போதவில்லை. கூலி, வசவு என்ற பெரிய மனக்குறைகளுக்கு நடுவே சாப்பாட்டு நேரம் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆலைக்குள் பொழுதைக் கழித்தவர்களுக்கு அது சின்னதாகத் தெரியவில்லை.

நெசவாலைகளில் ஆண்களை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க 1911-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. நடுப்பகலில் அரை மணி நேரம் எந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது 1891 சட்டத்திலேயே வந்துவிட்ட விதி. அந்த அரை மணி சங்கிலிருந்து சங்கு வரைக்குமான கணக்கு. பஞ்சுத் தூசி படிந்த உடம்போடு வெளியே வந்து, கை கழுவி, நிழல் தேடி, தூக்குச் சட்டியைத் திறந்து, தின்று முடித்து, மறு சங்குக்குள் எந்திரத்தின் முன் நிற்க வேண்டும். அதில் மென்று தின்ன எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் தொழிலாளர்களின் இந்தக் குறைகளை அன்றாடம் காதால் கேட்டவர்கள். அவர்கள் நடத்திய பக்திச் சபையில்தான் தொழிலாளர்கள் முதலில் கூடினார்கள். திரு.வி.க. அங்கே பேசினார். அன்னி பெசன்ட்டின் தோழரான பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் எழுதும் சங்கம் இது. அதன் தொட்டிலை ஆட்டியவற்றில் அவசரச் சோறும் ஒன்று.

வேலை செய்யும் இடத்துச் சாப்பாடு தொழிலாளியின் மனத்தை என்ன செய்கிறது என்ற கேள்வியை அதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசாங்கம் வேறு கோணத்தில் சந்தித்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. குண்டுத் தொழிற்சாலைகளில் ஆணும் பெண்ணும் இரவு பகலாக உழைத்தார்கள். வேலை முடிந்ததும் பலர் நேரே சாராயக் கடைக்குப் போனார்கள். மறுநாள் வேலை கெட்டது. 1915-இல் மது விற்பனையைக் கட்டுப்படுத்த ஒரு வாரியமும், தொழிலாளர் உடல்நலத்தை ஆராய ஜார்ஜ் நியூமன் தலைமையில் ஒரு குழுவும் அமைந்தன. இரண்டுமே ஆலைக்குள் சூடான சாப்பாடு கிடைக்க வேண்டும் என்ற இடத்தில் வந்து நின்றன. குழு சோர்வைப் பற்றி நிறைய எழுதியது. தசையின் களைப்பு மட்டுமல்லாமல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் வரும் சலிப்பும் அதன் கவனத்துக்கு வந்தது. நூற்றுக்கணக்கான கேன்டீன்கள் திறந்தன. உள்ளன்பு பீறிட்டு வந்த ஏற்பாடு என்று இதைச் சொல்வதற்கில்லை. அரசாங்கத்துக்குக் குண்டுகள் வேண்டும். குண்டு செய்பவருக்கு நிதானம் வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஆனாலும் மேசையில் உட்கார்ந்து சுடச்சுடத் தின்றவர்களுக்கு அந்தக் கணக்கால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இந்த வரலாற்றில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற, பலர் தவறாகப் புரிந்துகொள்கிற கதை அமெரிக்காவில் நடந்தது. சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற ஊரில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தோர்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக்கான ரிலே என்ற சிறு கருவியைப் பூட்டும் பெண்கள் ஐந்து பேரை, பாகங்களை எடுத்துத் தரும் இன்னொரு பெண்ணோடு, 1927-இல் ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் முடிக்கும் ரிலேக்களை ஒரு கருவி எண்ணியது. பிறகு வேலை நிபந்தனைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள்.

முதலில் காலையும் மாலையும் ஐந்து நிமிட ஓய்வு. அடுத்து அதுவே பத்து நிமிடமானது. அடுத்து ஒரு நாளில் ஆறு முறை ஐந்து ஐந்து நிமிடம் விட்டார்கள். கை ஓட்டம் தடைப்படுகிறது என்று பெண்கள் முகம் சுளித்தார்கள். அதன் பிறகுதான் சாப்பாடு வந்தது. காலையில் பதினைந்து நிமிட இடைவேளை, அதில் கம்பெனிச் செலவில் சிற்றுண்டி. காலையில் வயிறாரச் சாப்பிடாமல் வருகிற பெண்களுக்கு மதியத்துக்கு முன்பே பசி வந்துவிடுகிறது என்பதை அதற்குள் கண்டிருந்தார்கள். உற்பத்தி கூடியது. வேலை நேரத்தைக் குறைத்தார்கள், அப்போதும் கணக்கு மேலேயே நின்றது. கடைசியில் 1928-இல் எல்லாவற்றையும் பறித்தார்கள். ஓய்வில்லை, சிற்றுண்டி இல்லை, சனிக்கிழமை வேலை உண்டு. இப்படிப் பன்னிரண்டு வாரம். உற்பத்தி பழைய நிலைக்கு இறங்கவில்லை.

ஆய்வாளர்கள் குழம்பினார்கள். சிற்றுண்டிதான் காரணம் என்றால் அதை எடுத்ததும் உற்பத்தி சரிந்திருக்க வேண்டும். ஹார்வர்டிலிருந்து வந்த எல்டன் மேயோ, அந்தச் சிறு குழுவுக்குள் வளர்ந்த ஒட்டுறவும், தங்களைக் கேட்டுச் செய்கிறார்கள் என்ற எண்ணமுமே காரணம் என்றார். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. அந்த அறைக்கு மட்டும் ஊதியக் கணக்கை மாற்றியிருந்தார்கள், ஒத்துழைக்காத இரண்டு பெண்களை நடுவில் மாற்றினார்கள் என்று சுட்டிக்காட்டினார்கள். அந்தக் குறைகள் உண்மையானவை. ஆனால் ஒரு விஷயத்தை அந்தச் சோதனை தெளிவாகவே காட்டியது. நடுக்காலையில் வைத்த தட்டில் உணவோடு வேறொன்றும் சேர்ந்தே வந்தது. சிரித்துப் பேசிக்கொள்ள நேரம் வந்தது. மேற்பார்வையாளரின் உறுத்தல் குறைந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்து அளக்க அங்கே இருந்தவர்களாலேயே முடியவில்லை. இன்று கேன்டீனில் பழரசம் வைத்துவிட்டு ஊழியர் மனநலம் பேணுகிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் இந்தக் குழப்பத்தையாவது படித்திருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கேன்டீனைக் கட்டாயமாக்கியது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்து தொழிலாளர் துறை அமைச்சரான எர்னெஸ்ட் பெவின் 1940-இல் ஆணை போட்டார். போருக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வைத்தாக வேண்டும். மறு ஆண்டு மே மாதம் பிபிசி வானொலி அந்தக் கேன்டீன்களுக்குள்ளேயே மைக்கைக் கொண்டுபோனது. பாட்டும் நகைச்சுவையும் கலந்த அந்த மதிய நிகழ்ச்சி, எதிரிக்குத் தெரியக் கூடாதென்று ஊர்ப் பெயரைச் சொல்லாமல் ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒலிபரப்பானது. போர் முடிந்தும் நிற்காமல் 1964 வரை ஓடியது. தட்டோசைக்கு நடுவே பாட்டுக் கேட்பதற்கு அரசாங்கமே ஏற்பாடு செய்தது என்றால், மதிய இடைவேளையில் வயிற்றைத் தாண்டியும் ஏதோ இருக்கிறது என்று அதற்குப் புரிந்திருந்தது.

அதே பிரிட்டனின் அதிகாரிகள் பம்பாயில் நடந்துகொண்ட விதம் வேறு. கடற்படையின் தல்வார் பயிற்சித் தளத்தில் இருந்த இந்திய மாலுமிகள் 1946 பிப்ரவரி 18 அன்று சாப்பிட மறுத்தார்கள். மோசமான சாப்பாடு வெகுநாள் புகார். அதோடு தளபதியின் இனவெறி வசவும் சேர்ந்துகொண்டது. நல்ல சாப்பாடு இல்லையென்றால் வேலை இல்லை என்று தொடங்கிய மறுப்பு சில நாட்களில் 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 மாலுமிகளுக்கும் பரவி, விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பிடித்தது. தட்டில் விழும் மட்டமான பருப்பைத் தன் மேல் விழுந்த மதிப்பீடாகத்தான் மனிதன் எடுத்துக்கொள்கிறான். பெரம்பூரிலும் கூலி, வசவு, சோறு மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

விடுதலை பெற்ற இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம், ஜகஜீவன்ராம் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த 1948-இல் நிறைவேறி, மறு ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 46-ஆவது பிரிவு கேன்டீனைப் பற்றியது. பெவின் ஆணையில் இருந்த அதே 250 இதிலும் வந்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி இடைவேளை கட்டாயமானது. 150 பேருக்கு மேல் இருந்தால், கொண்டுவந்த சோற்றை உட்கார்ந்து தின்ன அறையும் குடிநீரும் வேண்டும் என்றது 46-ஐ அடுத்த பிரிவு. இன்னும் சுவையானது மாநில விதிகளில் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் நூற்றுக்கு 30 தொழிலாளர்களாவது உட்கார இடம் வேண்டும். லாபம் வைத்து விற்கக் கூடாது. எதை, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதில் கருத்துச் சொல்லத் தொழிலாளர் பிரதிநிதிகள் கொண்ட கமிட்டி வேண்டும்.

அந்தக் கேன்டீன் கமிட்டியைச் சட்டம் எழுதியவர்கள் எவ்வளவு பெரிதாக நினைத்தார்களோ தெரியாது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது, நைட் ஷிப்டுக்கு டீ ஆறிப்போய் வருகிறது என்று நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைத்த இடம் அது. ஹாத்தோர்ன் அறையில் ஆறு பெண்களுக்குத் தற்செயலாகக் கிடைத்ததை இங்கே விதியாகவே எழுதிவைத்தார்கள். ஏட்டளவில் நின்றுபோன இடங்களும் ஏராளம்.

பரிமாறியவர்களின் நிலைமை மட்டும் வெகுநாள் கேட்பாரற்றுக் கிடந்தது. சட்டப்படி நடக்கும் ரயில்வே கேன்டீனில் சமைப்பவர்களும் ரயில்வே ஊழியர்களே என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1990 ஆனது.

பெரம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2021 டிசம்பரில் பழைய கதை புது உருவில் வந்தது. ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிளுக்காகச் செல்போன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளின் நிலை என்னவென்று யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. சாப்பாட்டில் தொடங்கி, கேள்விக்குப் பதில் கிடைக்காததில் வெடித்த போராட்டம் அது.

2020-இல் இயற்றப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு கேன்டீனுக்கான 250 என்ற வரம்பை 100 ஆகக் குறைத்திருக்கிறது. ஆனால் கட்டட வேலைக்கும் சுமை தூக்கவும் தனித்தனியாகப் போகிறவர்கள் எந்த நூறிலும் சேர்வதில்லை. சென்னையில் அவர்களில் பலருக்கு 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும்தான் கேன்டீன். ஊருக்கெல்லாம் சாப்பாடு சுமக்கும் டெலிவரி ஊழியர்களுக்குப் பந்தலும் இல்லை, பாயும் இல்லை. 2025-இல் சென்னை மாநகராட்சி அவர்களுக்கென்று அண்ணா நகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறை ஒன்றைத் திறந்தது. உட்காரலாம், போனுக்குச் சார்ஜ் போடலாம், கழிப்பறையும் உண்டு.